மண்டபத்து மணல்மேடுகள்

கடிதம்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் எங்கள் ஊருக்கு வெளியே, சீமைக்கருவேலங் காட்டுக்குள் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. எழுத்துள்ள கல் இரண்டு மூன்றுதான், அதுவும் ஆங்கிலம். மற்றவை மணல்மேடுகள். கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு, வேலைக்குப் போக வந்து இறந்தவர்களை அங்கே புதைத்தார்கள் என்கிறார்கள் பெரியவர்கள். ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து கல்வெட்டு வைக்க நினைக்கிறோம். வரலாற்றை எங்கே தேடுவது?

வாசகர், மண்டபம்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஜேசிபிக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்குங்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் எலும்பும் கூட வரும். தரையோடு வெட்டிவிட்டால் போதும். கற்களில் ஆசிட் ஊற்றவோ கம்பி பிரஷ் போடவோ வேண்டாம். மாலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும்.

எழுத்துள்ள கல்லைத் தேடித்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். 1905இல் ஜே.ஜே. காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தபோதும் பெரும்பாலும் ஐரோப்பியர்களே இடம்பெற்றார்கள். எனக்கு உங்கள் மணல்மேடுகள்தான் முக்கியம். ஒவ்வொன்றும் எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்று வரைபடம் போடுங்கள். வடக்குத் தெற்காக, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல்லோடு (முஸ்லிம்கள் கல்லறையில் நடும் அடையாளக் கல்) இருந்தால் முஸ்லிம் அடக்கமாக இருக்கலாம். கிழக்கு மேற்கானால் கிறிஸ்தவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், இந்துக்களிலும் புதைக்கும் வழக்கமுள்ள சாதிகள் பல உண்டு.

பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆரம்பத்தில் கங்காணிகள் எனும் ஆள்சேர்ப்போர் தோட்ட வேலைக்கு ஆள்கட்டி, பாம்பன், தேவிபட்டினம் போன்ற துறைகளிலிருந்து தோணியில் மன்னாருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு மண்டபம் வழியே அந்தக் கூட்டம் போயிற்று. இங்கே அவர்களைச் சில நாள் தடுத்து வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள்.

அந்தத் தொற்றுத்தடை முகாமை நடத்தியது இலங்கை அரசு. அதனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு நிற்காமல் கொழும்பு காப்பகத்துக்கும் எழுதுங்கள். 1922 குடியேற்றச் சட்டத்தின்படி இந்திய அரசு இலங்கையில் வைத்திருந்த ஏஜென்டின் ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். மண்டபம் பற்றிய விவரம் அவற்றில் வரும். தேவாலயங்களின் இறப்புப் பதிவேடுகளையும் பள்ளிவாசல் ஜமாஅத்தையும் விட்டுவிடாதீர்கள்.

காகிதத்தில் கிடைக்காத பெயர்கள் நீலகிரியில் கிடைக்கலாம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் பலர் கூடலூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். "எங்கள் பாட்டனார் மண்டபத்தோடு போய்விட்டார்" என்று சொல்லும் வீடு ஒன்று கிடைத்தாலும் போதும், அந்த வீட்டுக் கிழவியின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். கல்வெட்டில் எதை எழுதுவது என்று அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) புல வரைபடத்தையும் பாருங்கள். ராமநாதபுரம் ஜமீன் ஊர்களில் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நடந்த அளவையில்தான் பல இடங்கள் புறம்போக்காகப் பதிவாயின. சர்வே எண்ணுக்கு எதிரே 'மயானம்' என்றிருந்தால் நகல் வாங்கி வையுங்கள். 'தரிசு' என்றிருந்தால் வரும் திங்கட்கிழமையே ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். கடற்கரை நிலத்தின் இன்றைய விலை உங்களுக்கே தெரியும்.