வென்றது காதல் அல்ல

கேள்வி: சோவியத் நடிகை ஸோயா ஃபியோதரோவாவும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜாக்சன் டேட்டும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் சந்தித்ததைப் படித்துக் கண் கலங்கினேன். உண்மைக் காதலை எந்தச் சர்வாதிகாரத்தாலும் வெல்ல முடியாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டும். இது அதற்குச் சான்றே அல்ல.

1945-இல் மாஸ்கோவில் அவர்கள் பழகியபோது அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே அணியில் நின்று போரிட்ட நாடுகள். ஜெர்மனி வீழ்ந்த வெற்றி நாளின் நினைவாகத்தான் மகளுக்கு விக்டோரியா என்று பெயர். அந்த மகள் பிறப்பதைப் பார்க்க டேட் அங்கே இல்லை. போர் முடிந்த சில வாரங்களிலேயே அவரை நாட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார்கள். அவர் எழுதிய கடிதங்கள் ஸோயாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. தனக்கு ஒரு மகள் இருப்பதே அவருக்குப் பல ஆண்டுகள் தெரியாது.

1946 டிசம்பரில், குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையாதபோது, ரகசிய போலீஸ் ஸோயாவைப் பிடித்துச் சென்றது. உளவாளி என்று குற்றம் சாட்டி 25 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கு அயல்நாட்டவரை மணக்கக் கூடாது என்று சோவியத்தில் சட்டம் கிடையாது. அது 1947 பிப்ரவரி 15 அன்றுதான் வந்தது. முதலில் சிறை, பிறகு சட்டம். ஒவ்வொருவர் வீட்டுக் கதவிலும் காது வைத்திருக்கும் அரசுக்குச் சட்டம் அவ்வளவு அவசரமான தேவை அல்ல.

ஏற்கெனவே அயல்நாட்டவரை மணந்திருந்த ரஷ்யப் பெண்களையும் கணவரோடு போக அனுமதிக்கவில்லை. சிலி நாட்டுத் தூதருடைய மகனின் மனைவிக்கே அந்தக் கதி. சிலி அதை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. 1949 ஏப்ரலில் பொதுச்சபை கண்டனத் தீர்மானமே நிறைவேற்றியது. ஸ்டாலின் அசையவில்லை. அவர் இறந்த பிறகு, 1953-இல்தான், திருமணத் தடை நீங்கியது.

ஸோயா 1955-இல் விடுதலையானார். விக்டோரியாவுக்கு அப்போது ஒன்பது வயது. கஜகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே தன்னை வளர்த்த தாயின் சகோதரியைத்தான் அம்மா என்று அதுவரை நம்பியிருந்தாள். தந்தையை முதன்முதலாகப் பார்த்தது 1975-இல், அமெரிக்காவில். மறு ஆண்டு ஸோயாவும் போனார். அங்கே அவரை வரவேற்ற டேட், எழுபதைக் கடந்தவர், வேறொரு பெண்ணின் கணவர். இதையா வெற்றி என்கிறீர்கள்? கிழவனும் கிழவியுமாக ஒரு முறை பார்த்துக்கொள்ள அந்த அரசு விட்டுவைத்த மிச்சம் இது.

உங்கள் வாக்கியத்தில் எனக்குக் கோபம் வருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. உண்மைக் காதல் வென்றே தீரும் என்றால், கடைசிவரை சந்திக்க முடியாமல் செத்தவர்களின் காதல் பொய்யா? அவர்கள் சரியாகக் காதலிக்கவில்லையா? துன்பப்பட்டவர்கள்மீதே தோல்வியையும் சுமத்துகிற பேச்சு அது. எழுதும்போது உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது என்றுதான் நம்புகிறேன்.

ஸோயாவின் இன்னொரு சகோதரி மரியாவையும் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் எந்த அமெரிக்கரையும் காதலிக்கவில்லை. உடன்பிறந்தவள் காதலித்தாள், அவ்வளவுதான். மரியா முகாமிலேயே இறந்துபோனார். உங்கள் வெற்றிக் கதையில் மரியாவுக்கு எந்த இடம் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.