ஆர்டர் இல்லன்னு சொல்லாதீங்க

வாசகர் கடிதம்:

அக்கா வணக்கம். என் பேர் போடாதீங்க. ஆம்பூர் பக்கத்துல எங்களுக்கு சின்ன யூனிட், பெரிய கம்பெனிக்கு ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தெச்சு குடுக்கற ஜாப் ஒர்க், 22 பேர் இருக்காங்க. அம்மா ஆரம்பிச்சது, அவங்க தவறி ரெண்டு வருஷம் ஆவுது, இப்ப நான் பாக்கறேன். எங்ககிட்ட 11 வருஷமா ஒரு அக்கா இருக்காங்க, வயசு 47, மாசம் 13,000 சம்பளம். எனக்கு மெஷின்ல உக்காந்து தைக்க கத்துக்குடுத்ததே அவங்கதான். ஒரு வருஷமா அவங்க மெஷின்லேந்துதான் ரிஜெக்‌ஷன் வருது. போன மாசம் கறுப்பு அப்பர் 140 ஜோடி திரும்பி வந்துச்சு, தையல் ஓரத்த விட்டு ஓடியிருக்குன்னு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஆர்டர வேற யூனிட்டுக்கு மாத்திடுவோம்னு தரம் பாக்க வர்ற க்யூசி சொல்லிட்டு போய்ட்டார். மீதி 21 பேர நினைச்சா இவங்கள அனுப்பிதான் ஆவணும். ஆடிட்டர் இன்னா சொல்றார்னா, ஆர்டர் இல்லன்னு சொல்லு, அவங்களே வேலைய விட்டு நிக்கறதா ஒரு லெட்டர் எழுதி வாங்கு, கையில 20,000 குடு, மனசும் நோகாது கேஸும் வராதுன்றார். ரெண்டு வாரமா தூக்கம் இல்ல. நீங்க ஷூ கம்பெனில ஆள் எடுக்கற, அனுப்பற வேலை பாத்தவங்கன்னு எழுதியிருந்தீங்க. எப்படி சொல்றது அக்கா?

பதில்:

தம்பி,

அந்த லெட்டர மட்டும் எழுதி வாங்காதீங்க. மீதி எதுவானாலும் அப்புறம் பேசிக்கலாம், அது மொதல்ல வேணாம்.

சொந்த காரணத்துக்காக நானே நின்னுக்கறேன்னு அவங்க கையெழுத்து போட்டுட்டா அவங்க கைக்கு வரவேண்டிய பணம் எவ்ளோ போவுதுன்னு ஒரு வாட்டி கணக்கு போட்டு பாருங்க. 1947-ல வந்த தொழில் தகராறு சட்டத்துல 25எஃப்னு ஒரு பிரிவு இருந்துச்சு, ஒரு வருஷம் வேலை செஞ்ச தொழிலாளிய, தண்டனையா இல்லாம வேற எந்த காரணத்துக்காக அனுப்பினாலும் ஒரு மாசம் முன்னாடியே எழுதி குடுக்கணும் இல்லன்னா ஒரு மாச சம்பளம் குடுக்கணும், அது போக முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் குடுக்கணும். அதுக்கு பதிலா 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இந்த ஒரு மாசமும் 15 நாளும் மாறல. அந்த அக்காவுக்கு அரை மாச சம்பளம் 6,500, 11 வருஷத்துக்கு 71,500. நோட்டீஸ் சம்பளம் 13,000. இதுல சேராம தனியா கிராஜுவிட்டி, 5 வருஷம் தாண்டினவங்க எல்லாருக்கும் உண்டு, கடைசி சம்பளத்த 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கினா 82,500. அவங்களா நின்னாலும் கிராஜுவிட்டி குடுத்துதான் ஆவணும். மொத்தம் 1,67,000 தம்பி. ஆடிட்டர் சொன்னது 20,000.

உங்களுக்கு இது பெரிய தொகைன்னு எனக்கு தெரியும், சின்ன யூனிட் நடத்தறவங்க கையில எவ்ளோ நிக்கும்னு பாத்தவதான் நான். நோட்டீஸ் ஒரு மாசம் குடுத்துட்டீங்கன்னா அந்த 13,000 வேலை செஞ்ச சம்பளமாவே போயிடும், கிராஜுவிட்டிக்கு 30 நாள் டைம் இருக்கு. ஆனா அந்த 71,500 அனுப்பற அன்னிக்கே கையில போவணும், அப்பால தரேன்னு சொன்னா அனுப்பினதே செல்லாது. பணம் ரெடி ஆவறவரைக்கும் பேச்ச ஆரம்பிக்காதீங்க. லேபர் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க, ஆடிட்டர் கணக்கு பாக்கட்டும்.

அப்புறம் இந்த "ஆர்டர் இல்ல"ன்றது. உண்மையிலயே ஆர்டர் இல்லாம ஆள குறைக்கறீங்கன்னா சட்டப்படி கடைசியா சேந்தவங்கதான் மொதல்ல போவணும், 11 வருஷம் இருந்தவங்கள அனுப்பிட்டு போன வருஷம் வந்த பொண்ண வெச்சுக்கறதுன்னா அதுக்கு காரணம் எழுத்துல வெக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப ஆள் எடுத்தா அவங்களதான் மொதல்ல கூப்பிடணும். ஆக அந்த பொய் உங்கள காப்பாத்தாது. அவங்களுக்கு அது என்ன பண்ணும்னு எனக்கு தெரியும், ஏன்னா நான் அதே பொய்ய சொன்னவ.

2009 பிப்ரவரி. அதுக்கு முந்தின வருஷக் கடைசில அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் பேங்க்கெல்லாம் கவுந்து, நம்ம பக்கம் ஷூ ஆர்டர் நெஜமாவே கொறஞ்சிருந்தது. நான் அப்போ ஒரு கம்பெனில பர்சனல் டிபார்ட்மென்ட்ல இருந்தேன். கட்டிங்ல ஒரு அண்ணன், பேர்ணாம்பட்டு பக்கத்துலேந்து வண்டில வருவார், கையால தோல் வெட்றதுல பழைய ஆள். ஒரு ஜோடிக்கு இவ்ளோ சதுர அடி தோல்தான் ஆவணும்னு ஒரு கணக்கு இருக்கும், உங்களுக்கு தெரியும், அவருக்கு அது மாசா மாசம் ஏறிக்கிட்டே போச்சு. அவர அனுப்பிடுங்கன்னு மேலேந்து சொல்லிட்டாங்க. எனக்கு அப்போ 31 வயசு, அவருக்கு எங்கப்பா வயசு. உங்க வெட்டுல தோல் வேஸ்ட் ஆவுதுன்னு அவர் மூஞ்சிய பாத்து சொல்ல எனக்கு வாய் வரல. அதனால ஆர்டர் இல்லண்ணா, வந்ததும் மொத ஆளா உங்களதான் கூப்பிடுவோம்னு சொன்னேன். நம்பிட்டார். கையெழுத்து போட்டார், எனக்கு நன்றி வேற சொன்னார், தான் வழக்கமா வெட்டற கத்திய பேப்பர்ல சுத்தி எங்கிட்ட குடுத்து, இங்கயே இருக்கட்டும் மேடம், வந்தா வேணும்னார். டிராயர்ல வெச்சேன்.

அப்புறம் ஒவ்வொரு திங்கக்கெழமையும் கேட்டுக்கு வந்தார். வாட்ச்மேன் போன் பண்ணுவார், இன்னும் வரலன்னு சொல்லிடுங்கன்னு நான் மேலேந்தே சொல்லுவேன். மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஒரு வாட்டி கூட இறங்கி போவல. ஜூலைல ஆர்டர் திரும்புச்சு, கட்டிங்குக்கு ரெண்டு பசங்கள எடுத்தோம், அந்த திங்கக்கெழமை அவர் கேட்ல நிக்கறப்போ அந்த பசங்க வண்டிலேந்து எறங்கி உள்ள போனாங்க. அன்னிக்குதான் நான் கீழ போனேன். "கட்டிங்குக்கு ஆள் எடுத்துக்கீறீங்களா மேடம்"னு கேட்டார். வேற வழி இல்லாம எல்லாத்தையும் சொன்னேன், தோல் கணக்கு, மேலேந்து சொன்னது, எல்லாம். அவர் கோவப்படல. "வாணியம்பாடில ஒரு எடத்துல கூப்டாங்க மேடம், ஏப்ரல்லயே. உங்ககிட்ட சொல்லிட்டுக்கீறமேன்னு போவல"ன்னார். அப்புறம் கத்திய கேட்டார். நான் மேல ஓடி போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன், பேப்பர பிரிச்சு கட்டை விரலால வாய தடவி பாத்துட்டு, துரு ஏறிடுச்சின்னு சொல்லிட்டு போய்ட்டார்.

அஞ்சு மாசம் தம்பி. அவருக்கு வேலை போனது கூட இல்ல, அந்த அஞ்சு மாசத்த நான் எடுத்துக்கிட்டேன், எனக்கு ஒரு அரை மணி நேரம் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னு.

இத்தனைக்கும் இது எங்க வீட்டுலயே நடந்த கதை. எங்கப்பா தோல் பதப்படுத்தற டேனரில வேலை செஞ்சவர். 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ண வசதி இல்லாத டேனரிய மூடணும்னு, அந்த தீர்ப்பு சரின்னுதான் இன்னிக்கும் சொல்லுவேன், பாலாத்தங்கரைல கிணத்துத் தண்ணி வாயில வெக்க முடியாத ஊர்ல வளந்தவ நான். ஆனா தன் டேனரி மூடப்போவுதுன்னு முன்னாடியே தெரிஞ்ச அப்பாவோட முதலாளி ஒரு ஆளுக்கும் வாய தெறக்கல. ஒரு நாள் காலைல அப்பா டிபன் டப்பாவோட போனார், கேட்ல பூட்டு. பூட்ட பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டார். கடைசி வரைக்கும் அவர் பேசினது போன வேலைய பத்தி இல்ல, அந்த பூட்ட பத்திதான். அந்த வீட்டுலேந்து வந்துட்டு நானே அப்படி பண்ணினேன்.

அதனால உண்மைய சொல்லுங்கன்றேன். ஆனா சொல்லணும்னா உண்மை என்னன்னு மொதல்ல உங்களுக்கு தெரியணும், உங்க கடிதத்த படிச்சா உங்களுக்கு தெரியலன்னுதான் எனக்கு படுது. கறுப்பு அப்பர் 140 ஜோடின்னு எழுதியிருக்கீங்க. கறுப்பு தோல்ல கறுப்பு நூல். வயசு 47. தையல் ஓரத்த விட்டு ஓடுது. ஒரு வருஷமாதான் இப்படி, அதுக்கு முன்னாடி பத்து வருஷம் இல்ல. தம்பி, இது வெள்ளெழுத்தா இருக்கலாம், வயசாவ ஆவ கிட்டத்துல இருக்கறது மங்கிப்போறது. அவங்க கண்ண யாராவது பாத்தாங்களா? இந்த ஒரு வருஷ ரிஜெக்‌ஷன் சீட்டெல்லாம் எடுங்க, கறுப்பும் டார்க் பிரவுனும் எத்தன, டான் கலரும் வெள்ளையும் எத்தன பிரிச்சு பாருங்க. ஊசில நூல் கோக்க பக்கத்து பொண்ண கூப்பிடறாங்களான்னு ரெண்டு நாள் கவனிங்க. அவங்க மெஷின் லைட் எரியுதான்னும் பாருங்க, அதையே பாக்காத யூனிட்ட நான் நிறைய பாத்திருக்கேன். அவங்களா வந்து கண்ணு தெரியலன்னு சொல்ல மாட்டாங்க, சொன்னா வேலை போயிடும்னு பயந்து மறைப்பாங்க, அந்த பயம் தப்புன்னு இப்ப யார் சொல்ல முடியும்?

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல ஒரு ஆய்வு பண்ணி 2018-ல வெளியிட்டாங்க, 40 வயசு தாண்டின, கிட்டத்துல இருக்கறது சரியா தெரியாத கிட்டத்தட்ட 750 பேர், அதுல பாதி பேருக்கு உடனே கண்ணாடி குடுத்தாங்க, மீதி பேருக்கு ஆய்வு முடிஞ்சப்புறம். கண்ணாடி கெடச்சவங்க பறிச்ச இலை மத்தவங்கள விட 20 சதவீதத்துக்கு மேல கூடியிருந்துச்சு. அது இலை பறிக்கறது. தையல் அத விட கண்ணுக்கு வேலை. வேலூர்ல ஆரணி ரோட்டுல ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கு, உங்களுக்கு 50 கிலோமீட்டர், ஒரு நாள் சம்பளத்தோட லீவு குடுத்து நீங்களே இட்டுக்கிட்டு போங்க. சக்கரை இருக்கான்னும் பாக்க சொல்லுங்க.

கண்ணாடி போட்டு ஒரு மாசம் பாத்து, பசை போட்டு ஒட்டற பேஸ்டிங் மாதிரி வேற டேபிளுக்கு மாத்தி பாத்து, அதுக்கப்புறமும் முடியலன்னா அனுப்பலாம், அது பாவம் இல்ல, 21 பேர் சோறும் உங்க கையிலதான் இருக்கு. அப்போ செய்யுங்க.

அவங்க வீட்டுக்கு போய் சொல்லாதீங்க. மரியாதைன்னு நினைச்சு போவீங்க, அவங்க காபி போட்டு குடுப்பாங்க, பசங்கள கூப்பிட்டு யார் வந்திருக்காங்க பாருன்னு சொல்வாங்க, அந்த காபிய குடிச்சிட்டு அவங்க வீட்டுலயே உக்காந்து இத சொல்றது ரொம்ப கொடுமை. ஃப்ளோர்ல மத்தவங்க முன்னாடியும் வேணாம். சாயந்தரம் மெஷின்லாம் நின்னப்புறம் இருக்க சொல்லுங்க, எல்லாரும் போற வண்டில அவங்கள ஏத்தாதீங்க, தனியா ஆட்டோ சொல்லி வெச்சிடுங்க. தீபாவளிக்கு முந்தின மாசமும் ஜூன்ல ஸ்கூல் தெறக்கற சமயமும் வேண்டாம்.

மொத வாக்கியத்துலயே சொல்லிடுங்க. "அக்கா, அடுத்த மாசம் பத்தாம் தேதியோட உங்கள வேலைய விட்டு அனுப்பறேன், தையல்ல ரிஜெக்‌ஷன் நிக்கல, அதுதான் காரணம், முடிவு பண்ணிட்டேன்." அவ்ளோதான். வெயில பத்தி, அவங்க பொண்ண பத்தி பேசிட்டு அப்புறம் ஆரம்பிக்காதீங்க, அவங்களுக்கு புரிஞ்சிடும், அந்த பத்து நிமிஷமும் அவங்களுக்கு நரகம். அம்மா பேர இழுக்காதீங்க. நீங்க அழாதீங்க தம்பி, நீங்க அழுதா அவங்க எழுந்து வந்து உங்கள தேத்துவாங்க, தன் வேலை போன அன்னிக்கும் உங்களுக்கு சொல்லிக்குடுக்கறவங்களா அவங்கள ஆக்காதீங்க. அவங்க கோவமா பேசினா கேட்டுக்கங்க, பதிலுக்கு சீட்டெல்லாம் எடுத்து நீட்டி நிரூபிக்காதீங்க. பணத்தோட கணக்க ஒரு தாள்ல தமிழ்ல எழுதி குடுங்க, எந்த வரி எதுக்குன்னு, வீட்டுல பசங்ககிட்ட காட்டுவாங்க. பிஎஃப்ல அவங்க நின்ன தேதிய ஏத்துங்க, இத விட்டுட்டா பணம் எடுக்க அவங்க அலைய வேண்டி வரலாம்.

கூப்பிடறோம்னு மட்டும் சொல்லாதீங்க, கூப்பிடப்போறதில்லன்னா.

சீட்ட பிரிச்சு பாத்துட்டு எனக்கு எழுதுங்க. கறுப்பு எத்தன, வெள்ளை எத்தனன்னு நம்பரோட எழுதுங்க. அதுவரைக்கும் அவங்க முன்னாடி எந்த பேப்பரும் நீட்டாதீங்க.