அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

கேள்வி: தீவிரவாதிகள் கையில் அணுகுண்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அயோடின் மாத்திரை வாங்கி வைக்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் செறிவூட்டிய (அதாவது குண்டுக்கு ஏற்றபடி வீரியம் கூட்டிய) யுரேனியம் மட்டும் 64 கிலோ. அதைத் தயாரிக்க ஒரு நாட்டின் உழைப்பே வேண்டும்; மற்றவர்களுக்குத் திருடினால்தான் உண்டு. ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பலிடம் பணமும் இருந்தது, விஞ்ஞானம் படித்தவர்களும் இருந்தார்கள். யுரேனியம் தேடி ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணையே வாங்கினார்கள். காரியம் ஆகவில்லை. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் அவர்கள் பரப்பியது சாரின் விஷம்தான். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2007-ல் தென்னாப்பிரிக்காவின் பெலிண்டாபா அணு மையத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் ஒருவரைச் சுட்டுவிட்டுத் தப்பியும் போனார்கள்.

நான் கவலைப்படுவது 'அழுக்கு குண்டு' பற்றி. சாதாரண வெடிமருந்தால் கதிரியக்கப் பொருளைச் சிதறடிப்பது. இதில் ஊர் அழியாது. ஆனால் பீதி?

1987-ல் பிரேசிலின் கோயானியாவில் குண்டே இல்லாமல் அது தெரிந்தது. கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சை மையத்திலிருந்து கழற்றிய கருவி ஒன்று காயலான் கடைக்குப் போனது. உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொடி, நூறு கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக மின்னியதால் கடைக்காரர் வீட்டுக்குள் கொண்டுபோய் உறவினர்களுக்கும் பங்கிட்டார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். அவளையும் சேர்த்து இறந்தவர்கள் 4 பேர். பரிசோதிக்க வேண்டி வந்தது 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை!

சரி, மாத்திரைக்கு வருவோம். அது கதிரியக்க அயோடினிடமிருந்து தைராய்டை மட்டும் காக்கும். அழுக்கு குண்டில் இருக்கக்கூடிய சீசியம், கோபால்ட் இவற்றுக்கு முன்னால் அது சும்மா உப்பு.

அப்படி ஏதாவது நடந்தால் வேடிக்கை பார்க்கப் போகாமல் பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்து ஜன்னலைச் சாத்துங்கள். மேல் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வைத்தாலே தூசியில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

உங்கள் தெருவில் காயலான் கடை இருந்தால் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தபோது கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் இறந்தார். மூன்று இதழ் விசிறி போன்ற கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம் உள்ள கனத்த ஈய டப்பா வந்தால் உடைக்காமல், விலகி நின்று போலீசைக் கூப்பிடச் சொல்லுங்கள்.