பெண் சட்டம் படிக்கக் கேட்கிறாள், பயமாக இருக்கிறது என்று எழுதிய அம்மாவுக்கு

"என்கவுன்டர் கேஸ் நடத்துற வக்கீலாகணும்" என்று ப்ளஸ் டூ முடித்த பெண் சொன்னால் எந்த வீட்டிலும் சோறு இறங்காதுதான். ஆனால் அவளை பி.காம். பக்கம் திருப்புவதற்கு முன்னால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று 2014-ல், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த மகாராஷ்டிர வழக்கில், உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் கொடுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்து வீடியோ எடுக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு யாருக்கும் வீரப் பதக்கம் கூடாது, இப்படி. குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றித் தோலில் வெடிமருந்துத் துகள் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருந்தால் கிட்டத்தில் வைத்துச் சுட்டது என்று அர்த்தம். டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியிலேயே "தற்காப்புக்குச் சுட்டோம்" என்ற கதை ஆட்டம் கண்டுவிடலாம். அதனால் உங்கள் பெண் பயாலஜி குரூப் என்றால் எம்.பி.பி.எஸ்., அப்புறம் தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. என்பதும் இதே பாதைதான். இதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டம்தான் என்றால் ஐந்து வருடப் படிப்பு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ப்ளஸ் டூ மதிப்பெண் போதும், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது, அதனால் படித்த உடனே ஜட்ஜ் என்ற கணக்கு வேண்டாம். ஜூனியராக இருக்கும் வருடங்களில் கையில் பெரிதாகக் காசு நிற்காது, அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும்.

போலீஸ் பகை வரும் என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள், அது ஒரேயடியாக இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பெரிய கவலை தாமதம்தான். தூத்துக்குடியில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், விசாரணை ஆணைய அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். ஆணையம் சொல்வதும் பரிந்துரைதான், தண்டனை இல்லை.

லீவில் ஒருநாள் அவளை மாவட்ட கோர்ட்டுக்கு அழைத்துப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார வையுங்கள். மத்தியானம் வரை வாய்தா வாய்தா என்று கேட்டுவிட்டு வந்தும் அதே படிப்பைத்தான் கேட்கிறாள் என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள், விண்ணப்பத் தேதி பார்க்கலாம்.