தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி: ராணுவத்தில் இருந்தபோது குண்டுவெடிப்பில் என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. ஓய்வுபெற்று வந்த பிறகு இரவில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அதிகம். பலத்த குறட்டை, நடுவில் அலறல். இப்போது “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்கிறார். தூக்க மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: மாத்திரையைப் பிறகு பார்ப்போம். அவர் சொன்ன அந்தப் பேச்சுதான் முதலில். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எப்படி, எப்போது என்றுவரை யோசித்திருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தனியே விடாதீர்கள். ‘இல்லை’ என்றாலும் துப்பாக்கி இருந்தால் வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். முடியாவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்கு உந்துதலை அடக்கும் பிடி தளர்ந்திருக்கும். தூக்கம் கெட்டால் இன்னும் தளரும். அந்த உந்துதலின் உச்சம் பலருக்குச் சில நிமிடங்களே. அப்போது எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

இனி தூக்கம். குறட்டையைப் பார்த்தால் ஸ்லீப் ஆப்னியா எனும் மூச்சுத்தடையைச் சந்தேகிக்க வேண்டும். தலைக்காயம் பட்டவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. டயாசிபாம், குளோனசிபாம் வகை மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி அந்தத் தடையை மோசமாக்கலாம். மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் திடீரென நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆய்வகத்தில் ஓர் இரவு முழுத் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சுவிடும் உத்தரவே மூளையிலிருந்து வராத வகையை வீட்டுக் கருவி தவறவிடலாம். மணிக்கு 15 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால், முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி தருவார்கள். முகமூடி மூச்சுமுட்ட வைக்கிறது என்று பலர் கழற்றி எறிவது இங்கேதான். பகலில் விழித்திருக்கும்போது 20 நிமிடம் போட்டுப் பழகட்டும்.

மூச்சுத்தடையைச் சரிசெய்த பிறகும் தூக்கம் பிடிக்காவிட்டால் தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை உண்டு. 6 முதல் 8 அமர்வுகள். இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கே சுருக்குவார்கள், ஆனால் 5 மணி நேரத்துக்குக் கீழே போகாமல். காலை 6 மணிக்கு எழுவது நிலையானது என்றால் படுப்பது இரவு 1 மணிக்கு. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். வலிப்பு உள்ளவர் என்றாலோ, “சாகணும்னு தோணுதா?” என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்றிருந்தாலோ, இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

அலறும்போது தொட்டு உலுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் உங்களையே தாக்கக்கூடும். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.