உகாண்டாவுக்கு இரண்டு வார ஊழியம்: கேள்வி பதில்

உகாண்டாவின் கிராமச் சபைகளுக்குக் குறுகிய கால ஊழியத்துக்குப் போகும் வாலிபர் குழுக்கள் அனுப்பிய கேள்விகளும், குழுக்களுக்குப் பயிற்சி தருபவரின் பதில்களும்.

ஸ்தோத்திரம் பிரதர். நாங்கள் பதினான்கு பேர். சுவிசேஷ நாடகம், பாட்டு, கைப்பிரதி எல்லாம் தயார். இன்னும் என்ன வேண்டும்? (நாகர்கோவில்)

நாடகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆங்கிலிக்கன் மிஷனரிகள் அங்கே போனது 1877-ல், கத்தோலிக்கர் 1879-ல். 1886 ஜூன் 3 அன்று புகாண்டா ராஜ்யத்தின் அரசன் முவாங்காவின் ஆணையால், இன்றைய தலைநகர் கம்பாலாவுக்கு அருகே நமுகோங்கோவில் கிறிஸ்தவ வாலிபர்கள் பலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இன்றும் அந்த நாள் அரசு விடுமுறை. மக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். இயேசுவின் பெயரையே கேட்டிராதவர்களுக்கு என்று எழுதிய நாடகம் அங்கே யாருக்கு?

அழைத்த பாஸ்டரிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், "எதைச் செய்தாலும் சந்தோஷம்" என்பார். அது மரியாதை. "நாங்கள் வராவிட்டால் அந்த இரண்டு வாரம் சபையில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டம், அறுவடை ஸ்தோத்திரப் பண்டிகை, கூரை வேலை என்று பட்டியல் வரும். அதில் ஒன்றுக்குப் பின்னால் நில்லுங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு நிமிடச் சாட்சியை மனப்பாடமாக வைத்திருங்கள். ஆராதனை நடுவே விருந்தாளிகளை எழுப்பிப் பேசச் சொல்வது அங்கே சாதாரணம். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முப்பது நிமிடம் கொடுத்தால் உங்கள் பங்கு பதினைந்துதான். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம், ஒரு கருத்து, நிறுத்தம். "ஆனால்" என்று பாதியில் நிறுத்தினால் அவர் மாட்டிக்கொள்வார். வசன எண்களை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள்; அவர் லுகாண்டா (கம்பாலா பக்கத்து மொழி) வேதாகமத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். அடுக்குமொழியும் எதுகை மோனையும் இங்கே கைதட்டல் வாங்கும், அங்கே காணாமல் போகும். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாமல் சபையைப் பார்த்துப் பேசுங்கள்.

யூடியூபில் சுவாஹிலிப் பாட்டு கற்றுக்கொண்டு கம்பாலா பக்கம் போகும் குழுக்கள் உண்டு. கம்பாலாவைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதியில் சுவாஹிலி ராணுவத்தின் மொழி என்ற பழைய கசப்பு இருக்கிறது. லுகாண்டாவில் ஒரு பல்லவி போதும்.

ஊசி, மாத்திரை விவரம் சொல்லுங்கள் அண்ணா. (திருநெல்வேலி)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பயணத்துக்கு ஐந்து நாள் முன் போட்டுப் பயனில்லை. ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்றிதழ் அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

மலேரியாவுக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் எழுதினால்: பெரியவர்களுக்குத் தினம் 100 மில்லிகிராம், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, ஊர் திரும்பிய பின் நான்கு வாரம் வரை. சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடு சேர்த்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெயிலில் தோல் எரியும், தொப்பி தேவை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பலர் தவறுவது அந்த நான்கு வாரத்தில்தான். வீட்டுக்கு வந்தாயிற்று என்று நிறுத்திவிடுகிறார்கள். திரும்பிய பல மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "உகாண்டா போய் வந்தேன்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே டெங்குவைத்தான் தேடுவார்கள்.

விக்டோரியா ஏரியில் குளிக்கக் கூடாது. நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும்.

சபைக் கட்டடத்துக்குச் செங்கல் வைக்கப் போகிறோம். யாருக்கும் முன்னனுபவம் இல்லை.

அப்படியானால் கரண்டியைத் தொடாதீர்கள். அனுபவமில்லாதவர் வைத்த வரிசை தூக்குக்குண்டுக்கு நிற்காது. இரவில் உள்ளூர்க் கொத்தனார் பிரித்துக் கட்டுவார், மறுநாள் உங்களிடம் சொல்லவும் மாட்டார். மணல் சலிப்பது, தண்ணீர் சுமப்பது, செங்கல் கைமாற்றுவது: சித்தாள் வேலை செய்யுங்கள். கொத்தனாருக்குக் கூலி உண்டு என்பதை முதலிலேயே உறுதி செய்யுங்கள். நீங்கள் இலவசமாக வேலை செய்வதால் அவர் பிழைப்பு போகக் கூடாது.

கான்கிரீட் போட்டால் சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. மண்வெட்டிக் கணக்கு வேண்டாம், ஒரே வாளியால் அளங்கள். கலக்கச் சுலபமாக இருக்கிறது என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அங்கேதான் பலம் போகிறது. போட்ட பின் ஏழு நாளாவது ஈரம் காயக் கூடாது. புறப்படுவதற்கு முந்தின நாள் தளம் போட்டால் யார் தண்ணீர் ஊற்றுவது? முதல் வாரத்திலேயே போடுங்கள்.

பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வாரம் தங்கலாமா? துணிமணியும் சேர்த்திருக்கிறோம். (ஒரு சகோதரி, மதுரை)

வேண்டாம் சிஸ்டர். இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ நெருங்கிய உறவோ இருக்கிறது. வறுமைதான் அங்கே சேர்த்தது. வாரம் ஒரு புது அக்கா வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறினால், பிள்ளை ஒவ்வொரு முறையும் பிரிவை அனுபவிக்கிறது. போயே ஆக வேண்டுமென்றால் சமையலறை, வேலி, சுவர் பூச்சு. பிள்ளைகள் முகம் தெரியும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேண்டாம்.

துணியையும் விட்டுவிடுங்கள். கம்பாலாவின் ஓவினோ சந்தையில் பழைய துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. பெட்டிக் கட்டணத்துக்கு ஆகும் பணத்தில் அங்கேயே தையல்காரரிடம் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கலாம்.

நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு. மருத்துவ முகாமில் ஊசி போடலாமா?

கூடாது. இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யக் கூடாது. பதிவு பெற்ற செவிலியரும் மருத்துவரும் அங்குள்ள கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். ஜிஞ்சா நகரில் ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மையம் நடத்திய, மருத்துவம் படிக்காத அமெரிக்கர் ஒருவர் மீது 2019-ல் வழக்கே வந்தது. பெயர் எழுதுவது, எடை பார்ப்பது, வரிசை நடத்துவது உங்கள் வேலை.

எங்களை எப்படிப் பார்ப்பார்கள்?

முயிண்டி, அதாவது இந்தியர். அங்கே இந்தியர் என்றால் கடை முதலாளி. 1972-ல் இடி அமின் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்ன பழைய கதையும் இதற்குள் இருக்கிறது. பாயில் உட்கார்ந்து மட்டோக்கே (வேகவைத்து மசித்த வாழைக்காய்) சாப்பிட்டாலே பாதி இடைவெளி குறையும். பெண்கள் முழங்கால் மடித்து வணங்கினால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்; அமைதியாகப் பதில் வணக்கம் சொல்லுங்கள்.

தினமும் குளிக்கலாமா?

குளிக்கலாம், அரை ஜெர்ரிக்கேனில் (தண்ணீர் சுமக்கும் பிளாஸ்டிக் கேன்). நிறைந்த ஜெர்ரிக்கேன் இருபது லிட்டர், இருபது கிலோ. பதினான்கு பேர் ஆளுக்கொன்று கேட்டால் 280 கிலோ. பெரும்பாலும் அதைச் சுமப்பது அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள். நாளுக்கு இரண்டு பேர் முறை வைத்து நீங்களே போர்வெல்லுக்குப் போங்கள்.

பள்ளிக் கட்டணம் கேட்டால்?

கேட்பார்கள், பிப்ரவரி, மே, செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது இன்னும் அதிகம். "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள், அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்கள். "பாஸ்டரிடம் சொல்லுங்கள், நாங்கள் சபை வழியாகத்தான் கொடுக்கிறோம்" என்பது எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும். குழுவில் ஒருவர் ரகசியமாகக் கொடுத்தால் மறுநாள் காலை வாசலில் வரிசை நிற்கும்.

பிளக்?

இங்கிலாந்து மாதிரி, சதுர மூன்று முனை. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். டாலர் புது நோட்டாக, கசங்காமல். பழைய அச்சு நோட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.