ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியன்: மேப்பை நம்பாதீர்கள்

கேள்வி: நார்வேயின் வடக்கே ட்ரோம்சோ வரை போகிறோம். அங்கிருந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியனுக்கும் ஒரு எட்டு போய்வர ஆசை. மேப்பில் பார்த்தால் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்புகிற தூரம் போலத் தெரிகிறது. உண்மையில் எத்தனை கிலோமீட்டர்? விமானத்தில் எவ்வளவு நேரம்? காரிலோ கப்பலிலோ போக முடியுமா?

பதில்: நேர்க்கோட்டில் சுமார் 960 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் என்றால் ஏறக்குறைய 1 மணி 40 நிமிடம்.

உங்கள் கண்ணில் தப்பில்லை, மேப்தான் அப்படி. போனில் பார்க்கும் தட்டை மேப் மெர்கேட்டர் முறையில் வரைந்தது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ரப்பர் போல இழுத்துக்கொண்டே போகும். ட்ரோம்சோ 69.6 பாகை வடக்கில் இருக்கிறது, லாங்யியர்பியன் 78.2-இல். அவ்வளவு மேலே போனால் இழுவை நான்கு மடங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதே நூலைச் சென்னையில் வைத்து வடக்கே நீட்டினால் நாக்பூரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட்டுக்கு இந்தத் தூரம் 70 நிமிட வேலை. மீதி அரை மணி ஓடுபாதைக்கு நகர்வதற்கும், மேலே ஏறி இறங்குவதற்கும். இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றே. வழி முழுக்கக் கடல்தான். பாதி தூரத்தில், மேகம் இல்லாவிட்டால், வலது பக்க ஜன்னலில் கரடித் தீவு தென்படலாம்.

காரை மறந்துவிடுங்கள், சாலையே கிடையாது. நார்வே கரையிலிருந்து வழக்கமான பயணிகள் படகும் இல்லை. சுற்றுலாக் கப்பல்கள் போகின்றன. ஆனால் 15 நாட் (knot, அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தில் நிற்காமல் ஓடினாலே ஒன்றரை நாள் ஆகும்.

சரி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். தூரத்தைவிட அதுதான் முக்கியம். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போக விசா தேவையில்லை, ஆனால் திரும்பி ட்ரோம்சோவில் இறங்கும்போது ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 01 என்று இருந்தால் இந்தப் பயணம் வேண்டாம். 02 அல்லது 'மல்ட்' (MULT, பல முறை நுழையலாம்) என்று இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே ஸ்வால்பார்ட் போவதாக எழுதி, இரண்டு நுழைவு கேட்டுவிடுங்கள்.

ஓஸ்லோவில் ஏறி ட்ரோம்சோ வழியாகப் போகும் விமானத்தில் இருந்தாலும், ட்ரோம்சோவில் கைப்பையோடு இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு மறுபடி அதே விமானத்தில் ஏற வேண்டியிருக்கும். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை லாங்யியர்பியனில் சூரியன் உதிப்பதே இல்லை. ஊரைப் பார்க்க வேண்டுமானால் மார்ச்சுக்கு மேல் போங்கள். எந்த மாதமானாலும், திரும்பும்போது ட்ரோம்சோவில் ஒரு இரவு தங்கிவிட்டு அப்புறம் இந்தியா விமானத்தைப் பிடியுங்கள். லாங்யியர்பியனில் வானிலை மோசமானால் அந்த 1 மணி 40 நிமிடம் ஒரு நாளாக நீண்டுவிடும்.